முப்பது பவுண்டு

தப்பு என்னுடையது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லிக்கொண்டு போகும்போது நடுவில் எங்காவது என் பக்கமும் நியாயம் இருப்பது போலத் தெரியும். நம்பிவிடாதீர்கள்.

நான் ஆரணியில் பட்டு நெய்கிறவன். வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் நான், இன்னொன்றில் என் மனைவி. வயது நாற்பத்தொன்பது. காலை ஐந்தரைக்கு என்னைத் தறியில் தேடினால் கிடைக்க மாட்டேன். சேத்துப்பட்டு ரோட்டில் ஷட்டில் ஆடிக்கொண்டிருப்பேன். அங்கே ஒரு பழைய நெல் கிடங்குக்குக் கூரைத் தகரத்தை மாற்றி, விளக்குப் போட்டு, தரையில் பச்சை விரிப்பு ஒட்டி, மூன்று கோர்ட் ஆக்கியிருக்கிறார்கள். முதல் கோர்ட் ஆடத் தெரிந்தவர்களுக்கு. இரண்டாவது கோர்ட் ஆடத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு. மூன்றாவதற்குப் பெயரே சுகர் கோர்ட். டாக்டர் சொன்னாரே என்று வருகிறவர்கள் அங்கே தொப்பையைக் குலுக்கிவிட்டு, நேராக வடைக் கடைக்குப் போவார்கள்.

யாருக்கு எந்தக் கோர்ட் என்பது அமாவாசையன்று முடிவாகும். எங்கள் ஊர்த் தறிக்கு ஞாயிறு கிடையாது, அமாவாசைதான் லீவு. அன்றைக்கு யாருக்கும் அவசரம் இருக்காது. அதனால் கிடங்கில் அன்றுதான் சவால் ஆட்டம். இரண்டாவது கோர்ட்டிலிருந்து ஒரு ஜோடி வந்து, முதல் கோர்ட்டில் ஒரு ஜோடியைக் கைகாட்டிக் கூப்பிடலாம். கூப்பிட்டால் ஆடியே ஆக வேண்டும். தோற்றால் பேட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட வேண்டும். ஜோடியே இல்லாதவன் சுவரோரம் நிற்பான், யாராவது கூப்பிடுகிற வரைக்கும்.

பதினொரு வருடமாக என் ஜோடி ஒரு பஸ் கண்டக்டர். என்னைவிட ஐந்து வயது சின்னவன். களம்பூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அந்த வீட்டுக்கு வந்த முதல் மாதச் சம்பளம் அவனுடையதுதான். அவன் கிடங்குக்கு முதலில் வந்தபோது நாலு நாள் சுவரோரம் நின்றான். நல்ல பேட், வெள்ளை வெளேரென்று ஷூ. ஒருத்தரும் கூப்பிடவில்லை. ஏன் என்று யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்த காரணத்தை எதற்குச் சொல்ல வேண்டும்? நான் மட்டும் யோக்கியனா? நாலு நாளும் அவனைப் பார்த்துக்கொண்டேதான் ஆடினேன். ஐந்தாம் நாள் என் பழைய ஜோடிக்குக் காய்ச்சல். வேறு ஆள் கிடைக்காமல் அவனைக் கூப்பிட்டேன். என் பெருந்தன்மை அவ்வளவுதான்.

அன்றைக்கு அவன் ஆடினதைப் பார்த்த பிறகு பழைய ஜோடிக்குக் காய்ச்சல் குணமானால் என்ன, ஆகாவிட்டால் என்ன என்று ஆகிவிட்டது எனக்கு. அவன் பின்னால் நிற்பான், நான் முன்னால். எதிராளி எவ்வளவு ஓங்கி அடித்தாலும் அவன் சாவகாசமாகக் கையைத் தூக்கி ஒரு டாஸ் கொடுப்பான். காக், அந்த இறகுப் பந்து, கூரைத் தகரத்தைத் தொட்டுவிடுமோ என்கிற உயரத்துக்குப் போய், எதிர்க் கோர்ட்டின் கடைசிக் கோட்டில் செங்குத்தாக இறங்கும். அதை எடுக்க அவர்கள் பின்னால் ஓட வேண்டும். ஓடி, ஒழுங்கில்லாமல் திருப்பிப் போடுவதை நான் நெட் அருகே நின்று அடித்துக் கொல்லுவேன். பேர் எனக்கு, வேலை அவனுக்கு. பதினொரு வருடம் இப்படித்தான் முதல் கோர்ட்டில் இருந்தோம்.

போன வருடம்தான் சனியன் பிடித்தது. எனக்கு முட்டி வலி. நேரே என் கைக்கு வருகிற பந்தைக்கூட ஒரு கணம் தாமதமாகப் பார்க்க ஆரம்பித்தேன். இரண்டு அமாவாசை மயிரிழையில் தப்பினோம். அந்தச் சமயம் பார்த்து ஊருக்கு ஒரு பேங்க் ஆபீசர் மாற்றலாகி வந்து சேர்ந்தார். முப்பது வயது, ஒட்டிய வயிறு, அடித்தால் கிடங்கே திரும்பிப் பார்க்கிற ஸ்மாஷ். புது ஆள் என்பதால் இரண்டாவது கோர்ட்டில் மெடிக்கல் ஷாப்காரரோடு ஆடிக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்து டீ குடிக்கும்போது அவரும் கண்டக்டரும் பேசிச் சிரிப்பதை நான் பார்ப்பேன். நான் கிட்டே போனால் பேச்சு நின்றுவிடும், அல்லது எனக்கு அப்படித் தோன்றும்.

இந்த ஜோடி உடையப்போகிறது என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. அடுத்த அமாவாசைக்கு அந்த ஆபீசர் எங்களைத்தான் கூப்பிடுவார். தோற்றால் நாங்கள் இறங்குவோம். இறங்கினதும், சின்னவன் பெரிய ஆட்டக்காரனோடு போவான். போகாமல் என்ன, முட்டி தேய்ந்த நெசவுக்காரனோடு சுகர் கோர்ட் வரைக்கும் வருவானா? இதை நினைத்துக்கொண்டே, தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவில் இழை அறுந்ததைக் கவனிக்காமல் நெய்து, மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒரு பெண்ணுக்காக ஏங்குகிற வயதில்கூட நான் இப்படித் தவித்ததில்லை.

ஒரு நாள் அந்த ஆபீசர், "சார், என் பேட்ல ஒரு ரெண்டு அடி அடிச்சுப் பாருங்க" என்று நீட்டினார். வாங்கினேன். தண்டு வளையவே இல்லை. நரம்பை அழுத்தினால் விரல்தான் உள்ளே போனது. முதல் அடி ஓரத்தில் பட்டு, காக் நெட்டுக்கே போகவில்லை. அதிர்ச்சி மட்டும் தோள் வரைக்கும் ஏறியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது எப்படியோ நடுவில் பட்டது. ஐயோ, அந்தச் சத்தம்! காய்ந்த பலகையில் சுத்தியல் விழுந்தது மாதிரி ஒரு டப். காக் எங்கே போனது என்று நான் பார்ப்பதற்குள் எதிரே தரையில் கிடந்தது.

என் பழைய பேட் பெருமாள் மாதிரி. எந்த ஓரத்தில் பட்டாலும் மன்னித்து அந்தப் பக்கம் அனுப்பிவைக்கும். இதுவோ பத்துக்கு ஒன்பது தப்பைத் தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்கிறது. ஆனால் அந்தப் பத்தாவது அடி இருக்கிறதே, அதில் எனக்கு இருபது வயது. இதுதான் மருந்து என்று முடிவு செய்துவிட்டேன். வீட்டில் சொன்னதற்கு என் மனைவி தறியை விட்டுத் திரும்பாமலே, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அன்றைக்கு மத்தியானம் அவளோடு பேசவில்லை.

அடுத்த நாள் கண்டக்டரிடம், "உன் பேட்டுக்குப் புதுப் புடி சுத்திகினு வரேன், குடுப்பா. நான் வேலூர் போறேன்" என்றேன். அவன் சந்தேகப்படாமல் கொடுத்தான். புதுப் பிடி என்றது பொய். அவன் பேட்டிலும் நரம்பை மாற்றிக் கட்டுவதுதான் என் திட்டம்.

ஏன் என்று சொல்கிறேன். வேறு ஊர்க்காரனுக்கு இந்தப் புத்தி தோன்றவே தோன்றாது. ஒரு பட்டுப் புடவைக்கு உடம்புக்கு ஒரு பாவு, கரைக்கு ஒரு பாவு. இரண்டும் தறியில் ஒரே இறுக்கத்தில் நிற்க வேண்டும். கரை இறுகி உடம்பு தளர்ந்தால் புடவை சுருங்கி, மடிப்பே நிற்காது. பாவு தொய்ந்த தறியில் பகவானே வந்து உட்கார்ந்தாலும் நல்ல துணி வராது. முப்பது வருடமாகக் கைக்குத் தெரிந்த நியாயம் இது. ஜோடி ஆட்டம் என்றால் இரண்டு பேட்டும் ஒரே இறுக்கம், அதுவும் முழு இறுக்கம். எவ்வளவு சுத்தமான யோசனை பாருங்கள்.

வேலூர்க் கடையில் புது பேட் ஒன்று எனக்கு எடுத்தேன், வளையாத தண்டு. நரம்பு கட்டுகிறவர் எத்தனை பவுண்டு இறுக்கம் என்று கேட்டார். மாட்டிவைத்திருந்த ஒரு பேட்டைக் காட்டி அது எவ்வளவு என்றேன். இருபத்திநாலு என்றார். பாவைத் தடவுகிற மாதிரி தடவிப் பார்த்தேன்.

"இன்னாங்க இது, தூளி மாதிரி தொங்குது? முப்பது கட்டுங்க. ரெண்டுக்கும்."

அவர் மெஷினை விட்டுக் கையை எடுத்துவிட்டார். "சார், முப்பதுல நரம்பு எதையும் தள்ளாது. கைதான் தள்ளணும். நடுவுல படலன்னா முழங்கை போயிடும். தினம் ஆடறவங்களுக்கு இருவத்திநாலே ஜாஸ்தி."

"நான் முப்பது வருசமா பட்டு இழைய இழுத்துக் கட்டிகினு இருக்கேன். இறுக்கத்தப் பத்தி எனக்கு சொல்றீங்களா?"

"பட்டு வேற, இது வேற சார்."

"கட்டுங்கன்னா கட்டுங்க."

கட்டினார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் பஸ் ஏறிப் போய் வைத்துக்கொண்டு வந்தேன். எனக்கு மட்டும் இல்லை, அவனுக்கும் சேர்த்து.

கண்டக்டர் பேட்டை வாங்கி நரம்பைக் கட்டை விரலால் ஒரு தட்டுத் தட்டினான். முகத்தில் ஒன்று வந்து போனது. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும், ஆச்சரியம் என்று எடுத்துக்கொண்டேன்.

"எப்டி கீது?"

"நல்லா கீதுணா," என்றான்.

அமாவாசைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அந்தப் பன்னிரண்டு நாளும் நான் நரக வேதனைப்பட்டேன். எந்த அடியும் நடுவில் படாது. பட்ட ஒன்றிரண்டை நினைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் பொறுத்துக்கொண்டேன். தறியில் நாடாவை ஓட்டக் கயிற்றை இழுக்கிற கை மரத்துப்போனது. அவனுடைய டாஸ் தகரம் வரைக்கும் போவதை விட்டுவிட்டது. அரைக் கோர்ட்டில் இறங்க ஆரம்பித்தது. அவனுக்கு ஒல்லிக் கை. அவ்வளவு காலமும் தளர்ந்த நரம்பின் துள்ளலில்தான் அது அந்த உயரம் போயிருக்கிறது. அது இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: இவன் மனசு வைத்து ஆடவில்லை, போகிறவன் மாதிரி ஆடுகிறான்.

அமாவாசையும் வந்தது. நான் பயந்தபடியே ஆபீசரும் மெடிக்கல் ஷாப்காரரும் எங்களைக் கை காட்டினார்கள். மற்ற கோர்ட்டில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் சுற்றி நின்றார்கள்.

முதல் கேம் எங்களுக்கு. என் கையில் அன்றைக்கு ஏதோ புண்ணியம். ஆறேழு அடி நடுவில் பட்டு, டப் டப் என்று விழுந்தது. சுகர் கோர்ட்காரர்கள் கை தட்டினார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை. இரண்டாவது கேமில் புண்ணியம் தீர்ந்தது. நான் அடித்ததெல்லாம் ஓரம். அவன் கொடுத்த டாஸெல்லாம் அரைக் கோர்ட்டில் தொங்க, ஆபீசர் ஒவ்வொன்றையும் என் நெஞ்சுக்கு நேரே அடித்தார். பன்னிரண்டில் சுருண்டோம்.

மூன்றாவது கேமில் பதினெட்டு வரைக்கும் தொட்டுத் தொட்டு வந்தோம். பதினெட்டுக்குப் பதினெட்டு. அப்போது அவனுக்கு ஒரு சுலபமான காக் உயரமாகப் போனது. கடைசிக் கோட்டுக்குத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். தூக்கினான். அது நெட்டைத் தாண்டி நாலடியிலேயே தொங்கியது. அடித்து முடித்துவிட்டார் ஆபீசர்.

எத்தனை நாள் பயம் தெரியுமா அது! எல்லாம் வாய்க்கு வந்துவிட்டது.

"இன்னாய்யா ஆடற நீ? சோறு துன்னுட்டுதான வந்த? செவுத்தாண்ட கேக்க ஆளில்லாம நின்னுகினு இருந்தவன இட்டாந்து ஆட வெச்சேன் பாரு, என்னச் சொல்லணும்!"

கிடங்கு முழுக்கக் கேட்டது. கேட்ட ஒருவர்கூட ஒன்றும் சொல்லவில்லை. பதினொரு வருடத்துக்கு முன்னால் எப்படிச் சொல்லாமல் இருந்தார்களோ, அப்படியே. அவன் வலது கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு, "கோட்டாண்ட போய் நில்லுணா. இன்னும் ஆட்டம் இருக்குது," என்றான். அந்த ஆட்டம் அடுத்த இரண்டு பாயின்ட்டில் முடிந்தது.

வெளியே டீ வந்தது. அவன் கண்ணாடித் தம்ளரை இடது கையால் எடுத்தான். வலது கையை மடியில் வைத்திருந்தான், பிடித்துவைத்திருந்தது போல. டீயைப் பாதியில் வைத்துவிட்டு, "எட்டு மணி ட்ரிப்பு" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போனான். பேட் பெஞ்சிலேயே கிடந்தது.

ஆபீசர் அதை எடுத்து நரம்பை அழுத்திப் பார்த்தார். "இது எத்தனை பவுண்டு சார்? எனக்கே இருபத்தெட்டுதான். ரெண்டாவது கேம் முடிஞ்சதும் கை நடுங்குதேன்னு என் ஸ்பேர் பேட்டக் குடுத்தேன். வேணாம், அண்ணன் கட்டிக் குடுத்ததுன்னுட்டார்." பிறகு, இதைச் சொல்லலாமா என்று யோசித்தவர் போல நின்று, "போன மாசம் என் கூட ஆடறீங்களான்னு அவரைக் கேட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணன் இருக்காருன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டார்" என்றார்.

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். எப்போது எழுந்தேன் என்று ஞாபகமில்லை.

அடுத்த நாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. போன் செய்தேன். "மொழங்கையில ஊசி போட்டுக்கீறாங்கணா. பேட் புடிக்கக் கூடாதாம்." எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன். "தெரியலணா. சொல்லல" என்றான். கோபமாகப் பேசியிருந்தால் பிழைத்திருப்பேன். சாதாரணமாகப் பேசினான். மன்னிச்சுடுப்பா என்று சொல்ல வாயெடுத்தேன். பஸ் கிளம்புகிற விசில் சத்தம் கேட்டது, வைத்துவிட்டான்.

மூன்று வாரம் தறியில் உட்கார்ந்தேன் என்றுதான் பேர். நெய்ததைவிடப் பிரித்தது அதிகம். என் மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இங்க உக்காந்து கண்ண கசக்கினா பாவுதான் நனையும். நேரா போயி அந்தாளு மூஞ்சியப் பாத்துப் பேசுங்க" என்றாள். இந்தத் தடவை எனக்குச் சுர்ரென்று ஏறவில்லை.

இரண்டு பேட்டையும் எடுத்துக்கொண்டு, அவன் போகிற வேலூர் பஸ்ஸாகப் பார்த்து ஏறினேன். கூட்டம் இல்லை. மெஷினை இடது கையில் வைத்து, இடது கைக் கட்டை விரலாலேயே அழுத்தி எனக்கு டிக்கெட் கிழித்தான்.

"இன்னாணா, வேலூரா?"

"உன் பேட்ட லூஸ் பண்ணிக் கட்டிகினு வரலாம்னு."

அவன் பேட்டைப் பார்த்தான். தொடவில்லை. "இப்ப இன்னா அவசரம்."

கண்ணமங்கலம் தாண்டுகிற வரைக்கும் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தான். பிறகு என் சீட்டுக்குப் பக்கத்தில் கம்பியில் சாய்ந்து நின்றான். நான் மூன்று வாரமாகச் சேர்த்துவைத்த பேச்செல்லாம் போய், குற்றம் சாட்டுகிற மாதிரி ஒரே ஒரு கேள்விதான் வந்தது.

"ஏம்பா, நான் குடுத்த அன்னிக்கே உனக்குத் தெரியும்ல? இது ஆவாதுணான்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னான். "உனக்கு முட்டி வலி வந்ததுலேருந்து நீ என்கூட சரியாவே பேசலணா. என் ஆட்டம் புடிக்கல, வேற ஆளு பாக்கறேன்னு நெனச்சேன். அப்புறம் நீயா வேலூர் வரிக்கும் போயி கட்டிகினு வந்த. இது சரியில்லன்னு எப்டி சொல்றது? சொன்னா, மறுபடியும் செவுத்தாண்ட போயி நிக்கணுமேன்னு பயமா இருந்துச்சு."

நான் அந்தக் கையைப் பிடித்தேன். வலித்திருக்க வேண்டும், மெதுவாக விடுவித்துக்கொண்டான். "உட்டுடுணா. ஆளுங்க பாக்கறாங்க" என்றான். அடுத்த ஸ்டாப்பில் நாலு பேர் ஏறினார்கள். அவன் டிக்கெட் போடப் போய்விட்டான்.

வேலூர்க் கடையில் நரம்பு கட்டுகிறவர் எத்தனை பவுண்டு என்று கேட்டபோது, நீங்களே பார்த்துக் கட்டுங்க என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இருபதில் கட்டினார்.

மூன்று அமாவாசை ஆகிவிட்டது. ஊசிக்கு அப்புறமும் வலி நிற்கவில்லை என்று கேள்வி. தினமும் ஐந்தரைக்குக் கிடங்குக்குப் போகிறேன். அவன் பேட்டை உறையோடு பெஞ்சில் வைத்துவிட்டு, என் பேட்டைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நிற்கிறேன். மெடிக்கல் ஷாப்காரர் இரண்டு தடவை கூப்பிட்டார். சுகர் கோர்ட்டிலிருந்தும் கூப்பிட்டுவிட்டார்கள். ஆள் வருது, நீங்க ஆடுங்க என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.